எதிர்ப்பக்கம் சாய்ந்த முள்

அத்தியாயம் ஆறு

ஷட்டர் நசுங்கிய நேரத்தில் குடோனுக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். பத்மநாபன் அண்ட் சன்ஸ் கம்பெனியின் மூத்த பங்குதாரர் வைத்தியநாதன், வயது எழுபத்திரண்டு. அவருடைய தம்பி சந்தானம், அறுபத்தாறு. வைத்தியநாதனின் ஒரே மகன் ஸ்ரீநாத். கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கும் மக்பூல் மிஸ்திரி. சுங்க இலாகாவில் சரக்கை மதிப்பிடும் அப்ரைசராக இருந்து ரிடையராகி, லேக் கார்டன்ஸில் துப்பறியும் ஏஜென்சி வைத்திருக்கும் வசுமதி. அவளுடைய உதவியாளன் ஷ்யாம். ஏழாவதாக ஒருவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் தாங்களும் உள்ளே இருந்ததாகப் பிற்பாடு பலபேர் சொல்லிக்கொண்டார்கள்.

2001 ஆகஸ்ட், புதன்கிழமை, காலை பதினொன்றேகால். கல்கத்தாவின் கிடர்பூரில் விடியற்காலையிலிருந்து மழை. ஆற்றில் நீர் ஏறும் நேரமும் சேர்ந்துகொண்டதால் தெருத்தண்ணீர் போக வழியில்லாமல் முழங்காலுக்கு நின்றது. சாரலுக்காக அப்போதுதான் ஷட்டரை இறக்கியிருந்தார்கள். சணல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பின்பக்கமாக வந்து, தண்ணீருக்கடியில் இருந்த பள்ளத்தில் சக்கரத்தை இறக்கி, முழுப் பாரத்தோடு அந்த ஷட்டரின் மேல் சாய்ந்தது. தகடுகள் உள்பக்கமாகப் புடைத்து இரண்டு ஓரத்திலும் இறுகிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போயிற்று. ஒழுகுகிறது என்று கூரைக் கண்ணாடிகளைப் போன மாதம்தான் தகரத்தால் மூடியிருந்தார்கள். பட்டப்பகலில் கிணற்றுக்குள் விழுந்தாற்போல் ஆகிவிட்டது.

"யாரும் பதற வேண்டாம்," என்றார் சந்தானம். பதறியிருந்தது அவர் குரல் ஒன்றுதான்.

ஸ்ரீநாத் தடவிக்கொண்டே போய் நடுவில் நின்ற டிராக்டரின் ஸ்விட்சைப் போட்டான். ஐம்பது வயதான அந்தச் சீமை டிராக்டரின் முகத்தில் புதிதாக மாட்டியிருந்த இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டுகளும் பளீரென்று எரிந்தன. எதிர்ச் சுவரிலிருந்த பல்லி ஒன்று வெளிச்சம் தாங்காமல் ஓடியது.

"ஒண்ணைக் கழட்டிடு," என்றார் வைத்தியநாதன். "பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?"

"ஒத்தை விளக்குன்னா மூணு மணி நேரம் வரும்ப்பா. இன்ஜினை ஓட்டினா சார்ஜ் ஏறும். ஆனா..."

"மூடின குடோனுக்குள்ள இன்ஜினை ஓட்டினா ஆறு பேரும் நேரே கேவ்ராதலா சுடுகாட்டுக்குத்தான்," என்றான் ஷ்யாம். "அங்கேயும் இன்னிக்குத் தண்ணி நிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சந்தானம் தன் மொபைல் போனை எடுத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினார். தண்ணீர் வடிகிறவரை லாரியை அசைக்க முடியாது, ஷட்டரை வெட்ட ஆள் அனுப்புகிறோம், சப்-இன்ஸ்பெக்டரும் கூடவே வருவார் என்று பதில் வந்தது. "வரட்டும்," என்று சந்தானம் போனை மடித்தார். "எப்படியும் பன்னெண்டு மணிக்கு வரவேண்டியவர்தான். மக்பூலை அழைச்சுண்டு போகணுமே."

மக்பூல் மிஸ்திரி ஒரு கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தார். வங்காளியில் சொன்னதால் அவருக்கும் புரிந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

வைத்தியநாதன் கைத்தடியை ஊன்றி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குச் சாய்ந்து உட்காரும் வழக்கமில்லை. மனசு மட்டும் நிலைகொள்ளாமல் தவித்தது. வீட்டு விஷயத்தை விசாரிக்க வெளியாளை அழைத்து வந்தது ஸ்ரீநாத்தின் வேலை. அந்த அம்மாளுக்கு ஒரு காப்பி கொடுத்து, இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசி, பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவது என்று அவர் தீர்மானித்திருந்தார். இப்போது அவளோடு ஒரே இருட்டில் பூட்டிவைத்தாற்போல் ஆகிவிட்டது.

காணாமல் போனது பணமுமில்லை, நகையுமில்லை. இரண்டு பழைய விளக்குகள்.

அந்த விளக்குகளின் கதை கல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களில் தெரியாதவர் கிடையாது. 1951-ல் சீமையிலிருந்து டிராக்டர் இறக்கியபோது அதோடு வந்த ஹெட்லைட்டுகள் அகல் விளக்குக்கு அண்ணன் என்று சொல்லலாம், அவ்வளவுதான். பர்த்வான் பக்கத்து விவசாயிகளோ நாற்று நடும் காலத்தில் விடியற்காலை மூன்று மணிக்கே சேற்றில் இறங்குகிறவர்கள். வைத்தியநாதனின் தகப்பனார் பத்மநாபன், உடைக்க வந்த கப்பல் ஒன்றின் பித்தளை விளக்குகளை வாங்கி, வெட்டிச் சிறிதாக்கி, உள்ளே புதுப் பிரதிபலிப்பான் வைத்து, தம் கையாலேயே டிராக்டரில் மாட்டினார் என்பது குடும்ப வரலாறு. வரப்பு முழுவதும் தெரிந்தது. பர்த்வான் மிராசுதார் சௌதுரி ஒரே வருஷத்தில் பதினோரு டிராக்டர் வாங்கினார். கம்பெனி அந்த வெளிச்சத்தில்தான் எழுந்து நின்றது.

அதே டிராக்டருக்கு இப்போது பொன்விழா. அடுத்த மாதம் பர்த்வானில் மாலை நேர ஊர்வலம். ரோட்டில் ஓட்ட அனுமதி வேண்டுமானால் இந்தக் காலத்துக்கு ஏற்ற விளக்கு வேண்டும் என்றார்கள். ஸ்ரீநாத்தும் மக்பூலும் சேர்ந்து பெரிய டைனமோ வைத்தார்கள், ஒயர்களை மாற்றினார்கள், ஹாலஜன் விளக்குகளைப் பொருத்தினார்கள். கழற்றிய பழைய ஜோடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்சிக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. விழா முடிந்ததும் அந்த ஜோடியைப் பழுதில்லாமல் ஒப்படைப்பதாகச் சௌதுரியின் பேரனுக்கு வைத்தியநாதன் வாக்குக் கொடுத்திருந்தார். கம்பெனி வரலாற்றைச் சந்தானம் புத்தகமாக எழுதி அச்சுக்கே கொடுத்தாகிவிட்டது. 'இவ்விளக்குகள் திரு. பத்மநாபன் அவர்களால் தம் கைப்படச் செய்யப்பெற்றவை' என்று பித்தளைப் பலகைகூட வார்த்து வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் வரை மேஜைமேல் இருந்த விளக்குகள் திங்கட்கிழமை காலையில் மேஜைமேலும் இல்லை, எடுத்து வைத்திருக்க வேண்டிய மரப்பெட்டிக்குள்ளும் இல்லை. சந்தானம் அன்றைக்கே மக்பூலின் பெயரில் புகார் எழுதிக் கொடுத்தார். போலீஸார் குடோனைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். மக்பூல் குடியிருந்த ஒற்றை அறைக்குப் போய் அவர் மனைவியின் டிரங்குப் பெட்டியைக்கூடக் கவிழ்த்துக் கொட்டினார்கள். வைத்தியநாதனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

"சனிக்கிழமை யார் யார் எப்போ போனா, அதை மட்டும் சொல்லுங்கோ," என்றாள் வசுமதி. ஐம்பத்தாறு வயசு. பருத்திப் புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிச் செருகியிருந்தாள். ஷட்டருக்கடியில் கசிந்த தண்ணீர் தரையில் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

ஸ்ரீநாத் சொன்னான். "பன்னெண்டு மணிக்கு ஒயரிங் முடிஞ்சுது மாமி. நான் பழைய விளக்குகளைப் பிரிச்சுத் தொடைக்கலாம்னு எடுத்தேன். பாதியிலே ஆத்திலேர்ந்து போன் வந்தது, போயிட்டேன். ஒண்ணரைக்கு மக்பூல்தா போனார். சித்தப்பா பூட்டினார்."

"சாவி?"

"ரெண்டு. ஒண்ணு அப்பாகிட்ட. ஒண்ணு சித்தப்பாகிட்ட."

"கடைசியா வெளியிலே போனவன் மக்பூல்," என்றார் சந்தானம். "கையிலே சாப்பாட்டுப் பை. நான் என் கண்ணாலே பார்த்தேன்."

"பையிலே என்ன இருந்தது மக்பூல்தா?" என்று வசுமதி வங்காளியில், அண்ணா என்று பொருள்படும் அந்த 'தா' சேர்த்தே கேட்டாள்.

"காலி டப்பா," என்றார் மிஸ்திரி.

"ஞாயித்துக்கிழமை நானும் வந்தேன்," என்றார் வைத்தியநாதன். கேட்காமலே சொல்வதுதான் கௌரவம் என்று அவருக்குத் தோன்றியது. "அஞ்சு நிமிஷம். பித்தளைப் பலகையைப் பார்க்க வந்தேன். மரப்பெட்டி மூடியிருந்தது. திறந்து பார்க்கலை."

"அப்போ உங்க பேரையும் எழுதிக்கறேன் மாமா."

"என் பேரையா?"

"சாவி வச்சிருக்கேளே."

இதே வார்த்தையை வேறிடத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவர் எழுந்து நடந்திருப்பார். இங்கே எழுந்தாலும் பத்தடியில் சுவர்.

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. வசுமதி கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்டாள். புழுக்கத்தில் எல்லாருடைய சட்டையும் முதுகில் ஒட்டிக்கொண்டது. வெளியே லாரிக்காரன் யாரையோ ஏசும் சத்தம், அதற்குமேல் மழை. சந்தானம் இரண்டு தடவை ஷட்டரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். விளக்கு வேறு அவ்வப்போது கண் சிமிட்டியது.

ஷ்யாமுக்கு நிற்கக் கால் வலித்தது போலிருக்கிறது. அவன் டிராக்டரின் இரும்பு சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"இறங்குப்பா, அது விளையாட்டுச் சாமான் இல்லை," என்றார் வைத்தியநாதன்.

"மாமா, கரியாஹாட் டிராபிக்ல ஸ்கூட்டர் ஓட்டறவன் நான். இது நிக்கற வண்டி." அவன் குனிந்து முன்னாலிருந்த மீட்டரைப் பார்த்தான். "ஆனா உங்க பையன் பெரிய கைகாரர். விளக்கு எரியுது, எரிய எரிய பேட்டரி சார்ஜும் ஏறுதாம். எங்க வீட்டு மீட்டரையும் இவர்கிட்டக் கொடுத்து மாத்திக்கணும்."

"என்ன சொன்னே?" என்றாள் வசுமதி.

"முள் ப்ளஸ் பக்கம் நிக்குது மாமி. இங்கே பாருங்க. மைனஸ்னா செலவு, ப்ளஸ்னா வரவு. இன்ஜினே ஓடலை, வரவு எங்கேருந்து?"

வசுமதி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். ஹெட்லைட்டின் பின்னொளியில் அம்மீட்டரின் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. முள் வலது பக்கம், ப்ளஸ் குறியை நோக்கிச் சாய்ந்திருந்தது.

"ஸ்ரீநாத், ஸ்விட்சை அணைச்சுப் போடு."

அணைத்தான். ஒரு நொடிக்கு எல்லாரும் காணாமல் போனார்கள். திரும்பப் போட்டான். நடுவில் நின்ற முள் மறுபடி ப்ளஸ்ஸுக்கே போயிற்று.

ஸ்ரீநாத்தின் முகம் மாறியது. "இது தப்பு. சனிக்கிழமை நாங்க டெஸ்ட் பண்ணும்போது மைனஸ் பக்கம்தான் போச்சு. மக்பூல்தா, நினைவிருக்கா?"

மக்பூல் மிஸ்திரி மூன்று நாளில் முதல் தடவையாகத் தானாக எழுந்து வந்தார். மீட்டரை ஒரு கண் பார்த்தார். "பேட்டரியை யாரோ கழட்டி மாத்திப் போட்டிருக்காங்க," என்றார்.

"எப்படி மாத்தி?"

"இது அந்தக் காலத்துச் சீமை வண்டி, தீதி. இதிலே ப்ளஸ்தான் பாடிக்குப் போகும். இப்போ வர்ற கார், லாரி எல்லாத்திலேயும் மைனஸ் பாடிக்குப் போகும். நாங்க டைனமோவையும் பழைய முறைக்கே வச்சோம். பல்புக்கு எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான், எரியும். மீட்டர் மட்டும் உண்மையைச் சொல்லும்."

"நல்ல வேளை இன்ஜினை ஓட்டலை," என்றான் ஸ்ரீநாத். "ஓட்டியிருந்தா டைனமோவோட கட்அவுட் கருகியிருக்கும்."

வசுமதி புடவைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அவள் பேச ஆரம்பித்தபோது குரலில் அவசரமில்லை.

"சனிக்கிழமை மத்தியானத்துக்கப்புறம் யாரோ இந்தப் பேட்டரியைக் கழட்டியிருக்கா. திரும்ப மாட்டும்போது தனக்குத் தெரிஞ்ச முறைப்படி மாட்டியிருக்கா. மக்பூல்தாவுக்கு முப்பத்தெட்டு வருஷம் இதே தொழில். தூக்கத்திலே மாட்டினாலும் ப்ளஸ்ஸைத்தான் பாடிக்குக் கொடுப்பார். ஸ்ரீநாத் தன் கையாலே ஒயரிங் பண்ணினவன். இவா ரெண்டு பேரும் பண்ற தப்பு இல்லை இது. காரும் பேட்டரியும் கொஞ்சம் தெரிஞ்சு, டிராக்டர் தெரியாத ஆசாமி பண்ற தப்பு."

"டிராக்டர் கம்பெனியிலேயே டிராக்டர் தெரியாத ஆள்," என்றான் ஷ்யாம். "மீன் மார்க்கெட்ல..." என்று ஆரம்பித்தவன் வைத்தியநாதனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

வைத்தியநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். கம்பெனியில் டிராக்டரை விற்பவர்கள் இருவர், அவரும் சந்தானமும். ஸ்பானர் பிடிப்பவர்கள் இருவர், ஸ்ரீநாத்தும் மக்பூலும். சாவியும் விற்பவர்களிடம்தான்.

"எதுக்கு பேட்டரியைக் கழட்டணும்?" என்றார் சந்தானம். "வண்டி லைட் எரியறதா இல்லையா? எரியறது. விளக்கு திருடு போனதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத்தான் பார்க்கப்போறோம். ஸ்ரீநாத், பழைய பேட்டரி எவ்வளவு பெரிசு?"

"பழசு ரெண்டு பேட்டரி மாமி, ஆறு ஆறு வோல்ட். இப்போ ஒரே பன்னெண்டு வோல்ட். சைஸ் பாதி. பெட்டியிலே அடியிலே இடம் மிச்சம். மக்பூல்தா ஒரு பலகை போட்டு மேலே உட்கார வச்சார்."

ஷ்யாம் சீட்டிலிருந்து குதித்து இறங்கினான்.

இன்ஜினுக்குப் பின்னாலிருந்த இரும்புப் பெட்டியின் மூடியை மக்பூல் திறந்தார். ஸ்ரீநாத் அவருடைய தீப்பெட்டியை வாங்கிக் குச்சி கிழித்துக் காட்டினான். வசுமதி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பேட்டரியின் ப்ளஸ் முனை தடிமன், மைனஸ் முனை மெல்லிசு. பாடி ஒயரின் பெரிய பிடி இப்போது மெல்லிய முனையில் தொளதொளவென்று உட்கார்ந்திருந்தது. விளக்கு கண் சிமிட்டியதற்குக் காரணம் அதுதான். ஆடாமலிருக்க யாரோ இடுக்கில் எதையோ நாலாக மடித்துத் திணித்திருந்தார்கள்.

வசுமதி அதை நகத்தால் இழுத்து எடுத்தாள். பிடி நழுவி விளக்கு அணைந்தது. அடுத்த தீக்குச்சி எரிந்தபோது அவள் உள்ளங்கையில் அது பளபளத்தது.

"சிகரெட் பெட்டிக்குள்ளே இருக்குமே, அந்த வெள்ளிக் காகிதம்," என்றாள். "மக்பூல்தா, நீங்க?"

"பீடி."

"ஸ்ரீநாத்?"

"எனக்கு ஆஸ்துமா மாமி."

"நான் போன வருஷமே விட்டாச்சு," என்றான் ஷ்யாம். "அதோட சனிக்கிழமை இந்தப் பக்கமே வரலை."

"நான் தொட்டதில்லை," என்றார் வைத்தியநாதன். "சந்தானமும் பிடிக்கமாட்டான். எங்க குடும்பத்திலே அந்தப் பழக்கம் கிடையாது."

ஸ்ரீநாத் தரையைப் பார்த்தான். மக்பூல் சுவரைப் பார்த்தார். தீக்குச்சி விரலைச் சுட்டதும் ஸ்ரீநாத் அதை உதறினான். இருட்டில் ஷ்யாமின் குரல் மட்டும் வந்தது, முதல் தடவையாக மெதுவாக.

"உங்க முன்னால பிடிக்கமாட்டார் மாமா."

நாற்பது வருஷமாகக் குடும்பம் முழுவதற்கும் தெரிந்து, ஆபீஸ் பியூனுக்குத் தெரிந்து, தெருமுனை வெற்றிலைக் கடைக்காரனுக்குத் தெரிந்து, அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாமல் காப்பாற்றப்பட்ட மரியாதை அது. அண்ணா எதிரில் வந்தால் மறைத்துக்கொள்ளும் மரியாதை.

"தினம் ரெண்டே ரெண்டுதான் அண்ணா," என்றார் சந்தானம்.

சொன்ன பிறகுதான் எதை ஒப்புக்கொண்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

மக்பூல் மிஸ்திரி பேட்டரியைத் தூக்கி இறக்கினார். பலகையைப் பெயர்த்தார். அடியில் கோணியில் சுற்றி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பித்தளை விளக்குகள் இருந்தன. ஸ்ரீநாத் பேட்டரியைத் தரையில் வைத்தே ஹெட்லைட் ஒயர்களை அதில் பிடித்தான். வெளிச்சம் வந்தது, முன்பைவிட மஞ்சளாக.

"அன்னிக்குப் பட்டப்பகல்லே தூக்கிண்டு போக முடியலை, விழாவுக்கு முன்னாடி எடுத்துண்டு போயிடலாம்னு இருந்தேன்," என்றார் சந்தானம். அவர் தமையனைப் பார்த்து மட்டும் பேசினார். "மறுநாள் நீ வந்துட்டே. திங்கட்கிழமை போலீஸ்காரா எல்லார் பையையும் சோதிக்க ஆரம்பிச்சுட்டா. எடுக்க முடியலை."

"ஏண்டா?"

"நான் விக்கறதுக்கா எடுத்தேன்? என்னைப் பார்த்தா அப்படித் தோணறதா உனக்கு?"

"ஏண்டான்னு கேட்டேன்."

"உள்ளே பாரு. பார்த்துட்டு அப்புறம் கேளு."

ஸ்ரீநாத் ஒரு விளக்கின் முன்பக்க வளையத்தைத் திருகினான். சனிக்கிழமை அவன் பாதியில் விட்டிருந்த வேலை. கண்ணாடியும் பிரதிபலிப்பானும் தனியாக வந்தன. உள்ளே, பித்தளைக் கிண்ணத்தின் அடியில், கப்பல் வேலைக்காரர்கள் சாமானில் குத்துவது போல ஆங்கில எழுத்து அச்சால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தியிருந்தது. ஹாரூன், கிடர்பூர், 12-11-51. இன்னொரு விளக்கிலும் அதுவே.

வைத்தியநாதன் கைத்தடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். தள்ளிவைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அதே பெயர்தான் இருந்தது.

"ஹாரூன் மிஸ்திரி," என்றார் சந்தானம். "மக்பூலோட அப்பா. சனிக்கிழமை ஸ்ரீநாத் பாதி பிரிச்சு வச்சுட்டுப் போனதை எடுத்தபோதுதான் பார்த்தேன். புஸ்தகம் அச்சுக்குப் போயாச்சு அண்ணா. பலகை வந்தாச்சு. சௌதுரி வீட்டிலே, நம்ம சம்பந்தி வீட்டிலே, தமிழ்ச் சங்கத்திலே, அம்பது வருஷமா எல்லார்கிட்டேயும் என்ன சொல்லிண்டு வந்திருக்கோம்? கண்ணாடிப் பெட்டியிலே வச்சு, எவனாவது திறந்து பார்த்தான்னா அப்பா பேர் என்னாகும்? உனக்காகவும் சேர்த்துத்தான் பண்ணினேன்."

"புகார் ஏன் மக்பூல்தா பேர்லே?" என்று கேட்டாள் வசுமதி.

"யார் பேராவது எழுதணுமே. ரெண்டு நாள் விசாரிச்சுட்டு விட்டுடுவா."

"இல்லை. இந்தப் பேரைப்பத்தி நாளைக்கு வாய் திறக்கக்கூடிய ஒரே ஆள் இவர்தான். திருட்டுக் கேஸ்லே மாட்டினவர் சொன்னா யாரும் நம்பமாட்டா. அதனாலேதான்."

சந்தானம் ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைத்தியநாதன் மக்பூலைப் பார்த்தார். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும் பொடோபாபு." பெரிய பாபு என்று அர்த்தம், முப்பத்தெட்டு வருஷமாக அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். "அப்பா சொல்லியிருக்கார். கப்பல் விளக்கு வாங்கலாம்ங்கற யோசனை உங்க அப்பாவோடது. வேலை எங்க அப்பாவோடது. பத்தொன்பது நாள் ஆச்சாம்."

"ஏன் ஒரு நாளும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே."

ஷட்டருக்கு வெளியே பேச்சுக் குரல் கேட்டது. பிறகு சீறிக்கொண்டு கேஸ் கட்டர் எரியும் சத்தம். தகட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தோன்றி மெல்ல மேலே நகர்ந்தது.

"இது நம்ம ஆறு பேரோட இருக்கட்டும்," என்றார் சந்தானம் அவசரமாக. "விளக்கு கிடைச்சாச்சு. எங்கேயோ கைமறதியா வச்சிருந்துதுன்னு சொல்லி நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். இந்த நாலு சுவத்துக்கு வெளியிலே போகவேண்டாம். அம்மா, நீங்களும்..."

"நான் ஸ்ரீநாத்துக்கு ரிப்போர்ட் கொடுப்பேன். அவ்வளவுதான் என் வேலை," என்றாள் வசுமதி. "வெளியிலே சொல்றதும் சொல்லாததும் உங்க குடும்பம்."

"நாலு சுவர்னு சொல்றீங்க," என்றான் ஷ்யாம் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே. "நாலாவது சுவரை அங்கே வெட்டிட்டிருக்காங்க."

மக்பூல் இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. பலகையைத் திரும்பப் பொருத்தினார். ஸ்ரீநாத்திடமிருந்து பேட்டரியை வாங்கினார். ஒயர் பிரிந்ததும் குடோன் மறுபடி இருட்டாயிற்று. அந்த இருட்டில் ஸ்பானர் உரசும் சத்தமும், கட்டரின் சீறலும், பக்கத்தில் சந்தானம் மூச்சுவிடும் சத்தமும் வைத்தியநாதனுக்குக் கேட்டன. போக ஓரடி இடமில்லை. போய்ப் பேச வேறு மனிதர் இல்லை.

அவர் தகப்பனாரை நினைத்துப் பார்த்தார். எழுபத்துநாலாம் வருஷம் கண்ணை மூடுகிறவரை அந்த விளக்கைப்பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறார். 'லாம்ப் பண்ணினோம்' என்பார். 'பண்ணினேன்' என்று அவர் வாயால் வந்து வைத்தியநாதன் கேட்டதில்லை. 'அப்பாவே தன் கையால்' என்பதை யார் சேர்த்தது? முதலில் ஒரு கல்யாணப் பந்தலில், ஐம்பத்தொன்பதிலோ அறுபதிலோ, சௌதுரிக்கு எதிரில், யாரோ சொன்னார்கள். வைத்தியநாதன் ஞாபகத்தைத் துழாவினார். பந்தல் வந்தது, சௌதுரியின் சிரிப்பு வந்தது, சொன்னவனின் குரலும் வந்தது. அது அவருடைய குரல்தான்.

அப்பா அப்போது ஊரில்கூட இல்லை.

மக்பூல் ஸ்விட்சைப் போட்டார். விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. "இப்போ சரி," என்று சொல்லிக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

வைத்தியநாதன் தரையில் கிடந்த கைத்தடியைத் தானே குனிந்து எடுத்தார். எடுத்துத் தர வந்த ஸ்ரீநாத்தைக் கையமர்த்தினார். ஷட்டரின் தகடு பெரிய ஓசையோடு உள்பக்கம் விழுந்தது. பகல் வெளிச்சமும் மழைக்காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. எல்லாருக்கும் கண் கூசியது. இளவயது சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, பூட்ஸைக் கையில் பிடித்தபடி, ஓட்டை வழியாகத் தலைகுனிந்து நுழைந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீரில் பாதித் தெரு நின்றது: லாரிக்காரர்கள், சணல் குடோன் கூலிகள், எதிர்க்கடைக் குமாஸ்தாக்கள், சேதி கேட்டு லேக் கார்டன்ஸிலிருந்து டாக்ஸி பிடித்து வந்திருந்த சங்கத்துக் காரியதரிசி ஸ்ரீனிவாசராகவன் உட்பட.

"அண்ணா," என்றார் சந்தானம் தணிந்த குரலில்.

சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்தவர்களை எண்ணினார். லுங்கி கட்டிய மனிதர் ஒருவரே இருந்ததால் அவரிடம் போய் நின்றார்.

"வெளியிலே எல்லாரும் சொல்றாங்க," என்றார் வைத்தியநாதனைப் பார்த்து. "உங்க அப்பா தன் கையால செஞ்ச விளக்கு, அதை இந்த மிஸ்திரி திருடிட்டார்னு. அப்படித்தானே?"

வைத்தியநாதன் தெருவில் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வங்காளியில் பதில் சொன்னார்.

"இல்லை. விளக்கைச் செய்தது இவருடைய அப்பா. எடுத்து ஒளித்து வைத்தது என்னுடைய தம்பி."